ஜப்பானியர் நடுவே குடித்தனம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டோக்கியோவின் எடோகாவா வார்டில், நிஷிகசாய் ரயில் நிலையத்தைச் சுற்றி இந்தியக் குடும்பங்கள் நிறைய. 2000-ஐ ஒட்டிக் கணினி வேலைக்கு வந்தவர்கள், ஓதெமாச்சி, நிஹொன்பாஷி அலுவலகங்களுக்குத் தோசாய் லைனில் நேரே போகலாம் என்று இங்கே வீடு பிடித்தார்கள். அவர்களைப் பார்த்து அடுத்தடுத்து வந்தார்கள். இன்றும் சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் மாதாமாதம் யாராவது வந்து இறங்குகிறார்கள். அவர்கள் போனிலும் பூங்காவிலும் என்னிடம் கேட்கும் சந்தேகங்களைக் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன். ஒசாகாவிலோ நகோயாவிலோ இருப்பவர்களுக்கும் பெரும்பாலானவை பொருந்தும்.

அக்கா, வந்து இறங்கியாச்சு. முதல்ல எந்த ஆபீஸுக்குப் போகணும்?

நரிதா, ஹனேடா போன்ற பெரிய விமான நிலையங்களில் இறங்கும்போதே ஸைரியூ கார்டு என்ற குடியிருப்பு அட்டையைக் கையில் கொடுத்துவிடுவார்கள். அதில் முகவரி மட்டும் இருக்காது. வீடு அமைந்த 14 நாட்களுக்குள் உங்கள் பகுதி வார்டு அலுவலகத்துக்கு, அதாவது குயாகுஷோவுக்குப் போய் முகவரியைப் பதிய வேண்டும். குடும்பத்தோடு வந்திருந்தால் கல்யாணச் சான்றிதழையும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழையும் ஜப்பானிய மொழிபெயர்ப்போடு எடுத்துப் போங்கள். இல்லாவிட்டால் ஒரே வீட்டில் இருந்தும் உறவு என்னவென்று பதிவாகாமல் போய்விடும்.

அன்றைக்கே ஜூமின்ஹியோ என்ற குடியிருப்புச் சான்றின் நகல் ஒன்றிரண்டு வாங்கி வையுங்கள். போன், வங்கி என்று அடுத்தடுத்துக் கேட்பார்கள். 12 இலக்க மை நம்பர் பிறகு தபாலில் வரும். 16 வயது நிரம்பியவர்கள் ஸைரியூ கார்டை எப்போதும் உடன் வைத்திருப்பது சட்டம். பால் வாங்க இறங்கினாலும் சரி. கையில் இல்லாவிட்டால் 2 லட்சம் யென் வரை அபராதம் விதிக்க இடமிருக்கிறது.

கிளினிக்ல, பேங்க்ல எல்லாம் என்னை எங்கப்பா பேரைச் சொல்லிக் கூப்பிடறாங்க. இதை மாத்த முடியாதா?

பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயருக்கான இடத்தில் அப்பா பெயரோ கணவர் பெயரோ இருந்தால் ஜப்பானியர்கள் அதையே உங்கள் பெயராக எடுத்துக்கொள்வார்கள். இங்கே குடும்பப் பெயரோடு "சான்" சேர்த்துக் கூப்பிடுவதுதான் மரியாதை. அரசு ஆவணங்களில் அதை மாற்றுவது சுலபமில்லை. அலுவலகத்திலும் பிள்ளையின் பள்ளியிலும் "என்னை இப்படிக் கூப்பிடுங்கள்" என்று முதல் நாளே சொன்னால் போதும், மறக்காமல் அப்படியே கூப்பிடுவார்கள்.

அதைவிட முக்கியம், கதகானா எழுத்தில் உங்கள் பெயரை ஒரே மாதிரி எழுதுவது. கார்த்திகேயன் என்ற பெயரை அந்த எழுத்தில் நாலு விதமாக எழுதலாம். வங்கியில் ஒரு நெடில் கோடு போட்டு, அலுவலகத்தில் அது இல்லாமல் கொடுத்தால், சம்பளப் பணம் கணக்கில் ஏறாமல் திரும்பிவிடும். வந்த வாரத்திலேயே ஒரு வடிவத்தை முடிவு செய்து காகிதத்தில் எழுதிப் பர்ஸில் வையுங்கள். வார்டு அலுவலகம், வங்கி, போன், காப்பீடு என எல்லா இடத்திலும் அதைப் பார்த்தே எழுதுங்கள். ஹன்கோ என்ற முத்திரை இப்போது பல இடங்களில் கட்டாயமில்லை, கையெழுத்தே போதும்.

வீடு பார்க்கப் போனா "வெளிநாட்டுக்காரங்களுக்குத் தர்றதில்லை"ன்னு முகத்துக்கு நேரா சொல்றாங்களே?

சொல்கிறார்கள், உண்மைதான். கேட்கும்போது வலிக்கவும் செய்யும். வீட்டுக்காரர்கள் பயப்படுவது பெரும்பாலும் மூன்று விஷயங்களுக்கு: வாடகையை விட்டுவிட்டு நாட்டுக்குப் போய்விடுவார்களோ, குப்பைப் பிரச்சினை வருமோ, சத்தம் போடுவார்களோ. அதற்காக அது நியாயம் ஆகிவிடாது. ஆனால் அந்த ஒரு வீட்டுக்காரரோடு மல்லுக்கட்டிக்கொண்டு நேரத்தை வீணாக்காதீர்கள்.

முதலில் யூஆர் குடியிருப்புகளைப் பாருங்கள். அரசு சார்ந்த அமைப்பு அது. சாவிப்பணம், தரகு, ஒப்பந்தம் புதுப்பிக்கும் கட்டணம், உத்தரவாதம் தரும் ஆள், இந்த நான்கும் அங்கே கிடையாது. மாத வருமானம் வாடகையைப் போல் ஏறத்தாழ 4 மடங்கு இருக்கிறதா என்று பார்ப்பார்கள், 2 மாத வைப்புத்தொகை வாங்குவார்கள். நிஷிகசாயில் இவ்வளவு இந்தியர்கள் சேர்ந்ததற்கு இந்தக் கட்டடங்கள் பெரிய காரணம். தனியார் வீடு என்றால் திரும்பிவரும் வைப்புத்தொகையான ஷிகிகின், திரும்பிவராத சாவிப்பணமான ரெய்கின், தரகு, உத்தரவாத நிறுவனத்துக்குக் கட்டணம் என்று குடிபோகும் முன்பே நாலைந்து மாத வாடகை கைவிட்டுப் போகும். அதற்குத் தயாராகப் போங்கள். கட்டடம் 1981 ஜூனுக்குப் பிறகு அனுமதி பெற்றதா என்றும் கேளுங்கள். நிலநடுக்கத்துக்கான கடுமையான கட்டட விதி அப்போதுதான் வந்தது.

குடிவந்த அன்னிக்குப் பக்கத்து வீட்டுக்காரங்களைப் போய்ப் பார்க்கணுமா? யாரும் பார்க்கறதில்லைன்னு சொல்றாங்க.

டோக்கியோவில் இந்த வழக்கம் குறைந்துவருகிறது. ஆனாலும் போய்ப் பாருங்கள் என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறேன். இடது பக்கம், வலது பக்கம், மேல் வீடு, கீழ் வீடு. கையில் ஒரு சின்னத் துண்டோ, பாத்திரம் துலக்கும் சோப்போ, 500 யென்னுக்குள். பெயரைச் சொல்லி, "சின்னப் பிள்ளை இருக்கிறான், சத்தம் கேட்டால் தயவுசெய்து சொல்லுங்கள்" என்று ஒரு வாக்கியம். ஒரே நிமிட வேலை. உள்ளே கூப்பிட மாட்டார்கள், நீங்களும் எதிர்பார்க்கக் கூடாது.

இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும்தான் படிக்க முடியும் என்றால் இதைப் படியுங்கள். நம் ஊரில் பக்கத்து வீட்டில் பிடிக்காதது நடந்தால் கதவைத் தட்டிக் கேட்டுவிடுவோம். இங்கே கேட்க மாட்டார்கள். மாதக்கணக்கில் பொறுத்துக்கொண்டு இருந்துவிட்டு, ஒருநாள் கட்டடத்தின் நிர்வாக நிறுவனத்திடம் புகார் கொடுப்பார்கள். உங்களுக்குத் தெரியவரும்போது மனசு கசந்து ரொம்ப நாளாகியிருக்கும். அதனால் முதல் வார்த்தை நம்முடையதாக இருக்க வேண்டும். விருந்தாளிகள் வருகிறார்கள், சுவரில் ஆணி அடிக்கப் போகிறேன், குழந்தைக்குக் காய்ச்சல், ராத்திரி அழுவான் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் அவர்கள் பொறுத்துக்கொள்ளும் அளவு பல மடங்கு கூடிவிடும். இதை நான் என் கட்டடத்திலேயே திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

குப்பையை எடுக்காம ஸ்டிக்கர் ஒட்டி விட்டுட்டுப் போயிட்டாங்க. என்ன தப்பு பண்ணேன்?

அந்த ஸ்டிக்கரிலேயே காரணம் இருக்கும், போனில் படம் எடுத்து மொழிபெயர்த்துப் பாருங்கள். நாள் மாறியிருக்கலாம், வகை கலந்திருக்கலாம். எரிக்கும் குப்பை, எரிக்காத குப்பை, மறுசுழற்சிக்குப் போகும் பொருள் என்று ஒவ்வொன்றுக்கும் கிழமை உண்டு. எடோகாவாவில் எரிக்கும் குப்பை வாரம் 2 நாள், எரிக்காதது மாதம் 2 நாள். வார்டுக்கு வார்டு மாறும். காலை 8 மணிக்குள் வைக்க வேண்டும், முந்தின ராத்திரியே வைக்கக் கூடாது.

காலை ஏழரைக்குக் குப்பை வைக்கும் மூலைக்குப் போய்ச் சற்று நின்று பாருங்கள். எல்லாரும் பையை வைத்துவிட்டு, காக்கை கொத்தாமல் இருக்கப் போட்டிருக்கும் வலையைத் தூக்கி ஓரம் வரை இழுத்து மூடிவிட்டுப் போவார்கள். பெட் என்ற பிளாஸ்டிக் பாட்டில்களில் மூடி இருக்காது, மேலே சுற்றிய தாள் இருக்காது, உள்ளே கழுவியிருக்கும். அட்டைப்பெட்டிகள் தட்டையாக மடித்துக் கயிற்றால் கட்டியிருக்கும். சாம்பார், ரசம் மிச்சத்தைத் தண்ணீர் வடித்துப் பழைய செய்தித்தாளில் சுற்றிப் போடுங்கள். பை ஒழுகினால் அந்த மூலையைக் கழுவுவது உங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவராக இருக்கும், ஏனென்றால் பல இடங்களில் குடியிருப்பவர்களே முறைவைத்துச் சுத்தம் செய்கிறார்கள். பவர் பேங்க், பழைய போன் பேட்டரி எதையும் சாதாரணக் குப்பையில் போடவே கூடாது. வண்டியில் நசுங்கித் தீப்பிடிக்கும்.

ஒரு பக்கம் 30 செ.மீ.க்கு மேல் இருந்தால் அது பெருங்குப்பை. போனிலோ இணையத்திலோ முன்பதிவு செய்து, கன்வீனியன்ஸ் ஸ்டோரில் கட்டணச் சீட்டு வாங்கி ஒட்டி, சொன்ன நாளில் வைக்க வேண்டும். டிவி, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், ஏசி நான்கையும் அதிலும் எடுக்க மாட்டார்கள். 2001-இல் நடைமுறைக்கு வந்த தனிச் சட்டப்படி மறுசுழற்சிக் கட்டணம் கட்டித்தான் கொடுக்க முடியும். ஊருக்குத் திரும்புகிறவர்கள் கடைசி வாரத்தில் தவிப்பது இதற்காகத்தான். ஒரு மாதம் முன்பே பதிவு செய்யுங்கள்.

போஸ்ட் பாக்ஸ்ல "சத்தத்தைக் குறைங்க"ன்னு ஒரு பேப்பர் கிடந்துது. எல்லா வீட்டுக்கும் போட்டிருக்காங்க. எங்களைத்தான் சொல்றாங்களா?

அனேகமாக உங்களையும் சேர்த்துத்தான். யாரையும் பெயர் சொல்லிக் குறிப்பிடாமல் எல்லாப் பெட்டியிலும் போடுவது நிர்வாக நிறுவனத்தின் வழக்கம். "நாங்க இல்லை" என்று விட்டுவிடாதீர்கள். இங்கே மாடிகளுக்கு நடுவே சத்தம் சுலபமாக இறங்கும். குதிகால் ஊன்றி நடப்பது, பிள்ளைகள் ஓடுவது, நாற்காலி இழுப்பது எல்லாம் கீழே கேட்கும். தடித்த விரிப்பு போடுங்கள், நாற்காலிக் காலுக்கு ஃபெல்ட் ஒட்டுங்கள்.

நம் வீடுகளுக்கே உரியவை மூன்று. குக்கர் விசில் அவர்களுக்குப் புதிய சத்தம், எங்கேயோ எரிவாயு கசிகிறது என்று பதறியவர்கள் உண்டு. மிக்ஸியைக் காலை 7 மணிக்கு முன்னும் ராத்திரி 9-க்குப் பின்னும் ஓட்ட வேண்டாம். மூன்றாவது, இந்தியா நேரத்துக்கு ஏற்ப ராத்திரி 11 மணிக்கு பால்கனியில் நின்று ஊருக்குப் பேசுவது. இங்கே மூன்றரை மணி நேரம் முந்தி, அம்மாவுக்கு ஏழரை மணி, பக்கத்து வீட்டுக்காரருக்குத் தூங்கும் நேரம். உள்ளே வந்து ஜன்னலைச் சாத்திப் பேசுங்கள்.

கீழ் வீட்டுக்காரரை முன்பே போய்ப் பார்த்திருந்தால், லிஃப்டில் பார்க்கும்போது "சத்தம் தொந்தரவாக இருக்கிறதா, விரிப்பு போட்டிருக்கிறோம்" என்று சொல்லுங்கள். பார்க்கவே இல்லை என்றால் நிர்வாக நிறுவனம் வழியாகச் சொல்லச் சொல்லுங்கள். ராத்திரியில் போய் மணி அடிப்பது மட்டும் வேண்டாம்.

தாளிக்கற வாசனை, சாம்பிராணி, வாசல் கோலம். இதுக்கெல்லாம் பிரச்சினை வருமா?

அடுப்புக்கு மேலே இருக்கும் காற்றுப்போக்கி எந்தப் பக்கம் திறக்கிறது என்று ஒருமுறை வெளியே போய்ப் பாருங்கள். பக்கத்து வீட்டார் துணியும் மெத்தையும் காயப்போடும் பால்கனி ஓரமாக இருந்தால், வெயிலடிக்கும் காலை நேரத்தில் மீன் வறுப்பதைத் தள்ளி வையுங்கள். சாம்பிராணிப் புகைக்குக் கூரையில் உள்ள புகை உணர்கருவி கத்தும். ஊதுபத்தி ஒன்றிரண்டு போதும். இங்கே வீடுகளில் முன்னோர்களுக்கு ஊதுபத்தி ஏற்றுவார்கள், அந்த வாசனை அவர்களுக்கு அந்நியம் இல்லை.

வாசல் நடை பொது இடம், தீ விபத்தில் ஓடும் வழி. செருப்பு அலமாரி, சைக்கிள், செடி எதையும் வைக்கக் கூடாது. கோலத்தைக் கதவுக்கு உள்ளே, செருப்பு கழற்றும் கென்கானில் போடுங்கள். பொங்கலுக்கு அங்கே மாக்கோலம் போட்டவர்கள் நிறையப் பேர். பார்சல் கொண்டுவரும் ஆட்கள் நின்று ரசித்துவிட்டுப் போவார்கள்.

மிக்ஸி, கிரைண்டர் கொண்டு வரலாமா? மாவு அரைச்சாலும் குளிர்ல புளிக்கவே மாட்டேங்குது.

ஜப்பானில் மின்சாரம் 100 வோல்ட். நம் ஊர் 230 வோல்ட் மிக்ஸியைப் போட்டால் முனகும், அரைக்காது. 110 வோல்ட்டுக்கென்று செய்த மிக்ஸி சென்னையில் கிடைக்கிறது, அதை வாங்கி வாருங்கள். இன்னொன்று: டோக்கியோ பக்கம் 50 ஹெர்ட்ஸ், ஒசாகா பக்கம் 60. 1890-களில் டோக்கியோக்காரர்கள் ஜெர்மனியிலிருந்தும் ஒசாகாக்காரர்கள் அமெரிக்காவிலிருந்தும் ஜெனரேட்டர் வாங்கினார்கள், அந்தப் பிளவு இன்றைக்கும் தீரவில்லை. மோட்டார் சாமான் வாங்கும்போது இரண்டிலும் ஓடுமா என்று பாருங்கள்.

மாவுக்கு வழி இங்கேயே இருக்கிறது. ஜப்பானிய மைக்ரோவேவ் ஓவன்கள் பலவற்றில் ரொட்டி மாவு பொங்குவதற்கென்று ஹக்கோ என்று ஒரு முறை உண்டு. அதில் 30, 35, 40 டிகிரி என்று வைக்கலாம். மாவைப் பாதிப் பாத்திரத்துக்கு மேல் ஊற்றாமல், உள்ளே இரும்புச் சட்டம் இருந்தால் எடுத்துவிட்டு, 35 டிகிரியில் ஒன்றரை மணி நேரம் ஓடவிட்டு, அணைத்தபின் கதவைத் திறக்காமல் அப்படியே விட்டுவிடுங்கள். கடும் குளிரென்றால் படுக்கப் போகும் முன் இன்னொரு முறை. ஜனவரி மாதக் காலையிலும் கதவைத் திறந்தால் மாவு எழும்பி, மேலே கண் கண்ணாக நுரைத்திருக்கும். இட்லிக்கு இங்கத்து ஒட்டும் அரிசி சரிவராது, இந்தியக் கடையில் இட்லி அரிசியே வாங்குங்கள்.

வர்றப்ப கறிவேப்பிலை, பருப்பு, மாத்திரை எல்லாம் பெட்டியில வைக்கலாமா?

2018 அக்டோபரிலிருந்து பழம், காய், இலை, விதை, தானியம் எதுவானாலும் ஏற்றுமதி செய்யும் நாட்டின் தாவர நலச் சான்றிதழ் இல்லாமல் கொண்டுவர முடியாது. மடித்துவைத்த கறிவேப்பிலையையும் மாம்பழத்தையும் விமான நிலையத்திலேயே எடுத்துவிடுவார்கள். இறைச்சி எந்த வடிவத்தில் இருந்தாலும் வேண்டாம். அரிசி பருப்பு நிஷிகசாயிலும் ஷின் ஓகுபோவிலும் உவேனோ அமெயோகோவிலும் கிடைக்கிறது. ஊறுகாயும் பாக்கெட் மசாலாப் பொடியும் எடுத்து வாருங்கள்.

மாத்திரை விஷயத்தில் கவனம் தேவை. டாக்டர் எழுதிக் கொடுத்தவை ஒரு மாதத்துக்கு, கடையில் வாங்கும் சாதாரண மருந்து இரண்டு மாதத்துக்கு. அதற்கு மேல் என்றால் கிளம்பும் முன்பே இறக்குமதி உறுதிச் சான்று வாங்க வேண்டும். சூடோஎபெட்ரின் 10 சதவீதத்துக்கு மேல் உள்ள சளி மாத்திரைகள் இங்கே முழுத் தடை, ஊரில் அவை சாதாரணமாகக் கிடைத்தாலும்.

நான் சுத்த சைவம். "வெஜிடேரியன்"னு சொல்லியும் சூப்ல மீன் இருக்குங்கறாங்க. வெளியில என்னதான் சாப்பிடறது?

சமையல்காரர் உங்களை ஏமாற்றவில்லை. ஜப்பானிய உணவின் அடிப்படை தாஷி என்ற சாறு. பெரும்பாலும் கட்சுஓ மீனைப் புகைபோட்டு உலர்த்திச் சீவிய சருகில் எடுப்பது. மீன் துண்டு கண்ணுக்குத் தெரியாததால் அது சைவம் என்றே பலர் நினைக்கிறார்கள். மிசோ சூப், உதோன், சோபா நூடுல்ஸ், வேகவைத்த காய்கறி, புளிக்கவைத்த சோயாவான நத்தோவோடு வரும் சாஸ் பாக்கெட், எல்லாவற்றிலும் அது உண்டு. கடையில் விற்கும் ஜப்பானியக் "கர்ரி" குழம்புக் கட்டிகளில் மாட்டுக் கொழுப்போ பன்றிக் கொழுப்போ இருப்பது சகஜம்.

"வெஜிடேரியன்" என்ற சொல்லை விட்டுவிட்டு, சாப்பிடாததைப் பெயர் சொல்லிச் சொல்லுங்கள்: "நிகு தொ சகானா தொ தாஷி வா தபெரரெமசென்." இறைச்சி, மீன், தாஷி மூன்றும் சாப்பிட முடியாது என்று பொருள். பொட்டலத்தில் முட்டை, பால், கோதுமை, இறால், நண்டு போன்ற ஒவ்வாமைப் பொருட்களை எழுதுவது கட்டாயம், ஆனால் மாட்டிறைச்சி, பன்றி, கோழி அந்தக் கட்டாயப் பட்டியலில் இல்லை. ஆகவே பொருள் பட்டியல் முழுவதையும் போனால் படித்துப் பாருங்கள். கோயில்களில் தரும் ஷோஜின் ரியோரி புத்தத் துறவிகளின் சைவச் சாப்பாடு. வகாயாமாவில் உள்ள கோயாசானுக்குப் போய்க் கோயில் விடுதியில் தங்கினால் எள்ளில் செய்த தோஃபுவும் மலைக் காய்களும் நிம்மதியாகச் சாப்பிடலாம்.

ராத்திரி குழந்தைக்குக் காய்ச்சல் வந்துட்டா எங்க ஓடறது?

பகலென்றால் நேரே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகாதீர்கள். பரிந்துரைக் கடிதம் இல்லாமல் பெரிய மருத்துவமனைக்குப் போனால் 2022 அக்டோபரிலிருந்து குறைந்தது 7,000 யென் கூடுதலாகக் கட்ட வேண்டும். அருகிலுள்ள குழந்தைகள் கிளினிக்குக்குப் போங்கள். காப்பீடு இருந்தால் பெரியவர்கள் கட்டுவது 30 சதவீதம். டோக்கியோவின் 23 வார்டுகளில் பள்ளிப் படிப்பு முடியும் 18 வயது வரை பிள்ளைகளுக்கு இலவசம், அதற்கான சான்று அட்டையை வார்டு அலுவலகத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

ராத்திரியில் #8000 அழைத்தால் குழந்தை விஷயத்தில் நர்ஸோ டாக்டரோ ஆலோசனை சொல்வார்கள். ஆம்புலன்ஸ் கூப்பிடுவதா வேண்டாமா என்ற குழப்பத்துக்கு டோக்கியோவில் #7119. உயிருக்கு ஆபத்து என்றால் யோசிக்காமல் 119. ஆம்புலன்ஸுக்குக் காசு கிடையாது. போலீஸ் 110.

அஞ்சு மணிக்கு ஊரெல்லாம் ஒரு பாட்டு போடறாங்களே, அது எதுக்கு? நிலநடுக்கம் வந்தா என்ன செய்யணும்?

அது பேரிடர் எச்சரிக்கை ஒலிபெருக்கிகள் வேலை செய்கின்றனவா என்று தினமும் பார்ப்பது. பிள்ளைகளுக்கு அதுவே வீட்டுக்குத் திரும்பும் மணி.

அதிர்வை இங்கே ஷிந்தோ என்று 7 வரை அளப்பார்கள். 2011 மார்ச் 11 பெரும் நிலநடுக்கத்தில் டோக்கியோவின் நடுப்பகுதியில் பதிவானது "வலுவான 5", அதாவது 5-இன் இரண்டு படிகளில் மேலானது. போன் அலறினால் மேஜைக்கு அடியில் போய்த் தலையைக் காத்துக்கொள்ளுங்கள், வெளியே ஓடாதீர்கள். பெரிய அதிர்வில் எரிவாயு மீட்டர் தானே அடைத்துக்கொள்ளும். திரும்பத் திறக்கும் பொத்தான் எங்கே என்று இன்றைக்கே பார்த்து வையுங்கள். அலமாரிகளைச் சுவரோடு பிணையுங்கள். தலைக்கு நாளொன்றுக்கு 3 லிட்டர் வீதம் 3 நாளுக்காவது தண்ணீர் வையுங்கள்.

நிஷிகசாயில் இருப்பவர்கள் வெள்ளத்துக்கும் பயப்பட வேண்டும். எடோகாவாவின் பெரும்பகுதி கடலின் உயர் அலை மட்டத்துக்குக் கீழே கிடக்கிறது. 2019-இல் வார்டு வெளியிட்ட வெள்ள அபாய வரைபடத்தின் அட்டையிலேயே "இங்கே இருக்கக் கூடாது" என்று போட்டார்கள். பெரும் புயல் என்றால் முன்கூட்டியே வேறு பகுதிக்குப் போய்விடச் சொல்கிறது அந்த வரைபடம். அதைப் பல மொழிகளில் தருகிறார்கள். வாங்கி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள்.

பையனை ஜப்பான் ஸ்கூல்ல போடலாமா, இந்தியன் ஸ்கூலா?

எத்தனை வருஷம் இருக்கப் போகிறீர்கள் என்பதே கேள்வி. இரண்டு மூன்று வருஷத்தில் திரும்புகிறீர்கள் என்றால் இந்தியப் பள்ளி. 2004-இலும் 2006-இலும் தொடங்கிய பள்ளிகள் டோக்கியோவில் உள்ளன, கட்டணம் கனமானது. அதற்கு மேல் இருப்பீர்கள் என்றால், பிள்ளை சின்னவனாக இருந்தால், ஜப்பானிய அரசுப் பள்ளியைத் தயங்காமல் நான் சொல்வேன். வெளிநாட்டுப் பிள்ளைகளைச் சேர்ப்பது பெற்றோருக்குச் சட்டக் கட்டாயம் இல்லை, ஆனால் கேட்டால் கட்டணமின்றிச் சேர்த்துக்கொள்வார்கள். பிள்ளைகள் தாங்களே வகுப்பறையைக் கூட்டித் துடைப்பார்கள், சாப்பாடு பரிமாறுவார்கள். சைவப் பிள்ளைக்கு வீட்டுச் சாப்பாடு கொடுத்துவிட முடியுமா, தோடு போட அனுமதி உண்டா என்று சேர்க்கும் முன்பே கேளுங்கள்.

உழைப்பு பெற்றோருக்குத்தான். முதல் வகுப்புக் கணக்குப் பெட்டியில் குச்சிகள், சில்லுகள், விளையாட்டு நாணயங்கள் என்று கைநிறைய இருக்கும். அவை ஒவ்வொன்றிலும் பிள்ளையின் பெயர் எழுதிய அரிசி அளவு ஸ்டிக்கரை ஒட்ட வேண்டும். பள்ளி ஆண்டு தொடங்கும் ஏப்ரலுக்கு முந்தின வாரம் இரண்டு ராத்திரி அதற்கே போகும். அச்சடித்த ஸ்டிக்கர் கடையில் கிடைக்கும், மேலே சொன்ன அந்த ஒரே கதகானா வடிவத்தைக் கொடுத்து வாங்குங்கள்.

ஆபீஸ்ல நல்லாத்தான் பேசறாங்க. ஆனா வருஷமாகியும் ஒருத்தரும் வீட்டுக்குக் கூப்பிடலையே, பிடிக்கலையா?

அப்படி எடுத்துக்கொள்ள வேண்டாம். அவர்களுக்குள்ளேயே வீட்டுக்குக் கூப்பிடுவது குறைவு, வெளியில்தான் சந்திப்பார்கள். ஒரே இடத்தில் அடிக்கடி முகம் காட்டுவதே இங்கே நட்புக்கு வழி. குடியிருப்போர் சங்கமான சோனாய்காய் இருந்தால் சேருங்கள், சந்தா சொற்பம். தெருச் சுத்தம் செய்யும் நாளில் ஒரு மணி நேரம் துடைப்பம் பிடித்தால், கோடையில் "போன் ஓதோரி" என்ற திருவிழா ஆட்டத்துக்கு அவர்களே இழுத்துப் போவார்கள். வார்டில் தன்னார்வலர்கள் நடத்தும் ஜப்பானிய மொழி வகுப்பும் நல்ல இடம். ஓய்வுபெற்ற ஆசிரியைகள் பலர் அங்கே நம் பெண்களுக்கு உண்மையான தோழிகளாகியிருக்கிறார்கள்.

ஊருக்குப் போய்வரும்போது அலுவலகத்துக்கு இனிப்பு கொண்டுவருவது எழுதாத விதி. ஒவ்வொன்றும் தனித்தனியாகச் சுற்றியிருக்க வேண்டும், மேஜையில் வைத்துவிட்டு எப்போது வேண்டுமானாலும் எடுக்கும்படி. நெய் ஒழுகும் மைசூர்பாகை விடக் கடலை மிட்டாய் பாக்கெட்டுக்கு வரவேற்பு அதிகம்.

ரயில்ல கூட்டமா இருந்தாலும் என் பக்கத்து சீட் காலியாவே இருக்கு. போலீஸ் வேற நிறுத்திக் கார்டு கேட்டாங்க. இதை எப்படித் தாங்கறது?

பக்கத்து இருக்கை விஷயத்தில் மொழி தெரியாத பயம் கொஞ்சம், வெறுப்பு கொஞ்சம், எது எவ்வளவு என்று அந்த நிமிடத்தில் பிரித்துப் பார்க்க முடியாது. வலிக்கிறது என்று சொல்லும் இளைஞர்களிடம் "பெரிசு பண்ணாதே" என்று நான் சொல்வதில்லை. போலீஸ் கேட்டால் கார்டைக் காட்டத்தான் வேண்டும், மறுப்பது குற்றம். ஏன் நிறுத்தினீர்கள் என்று அமைதியாகக் கேட்கலாம்.

கடையோ பொதுக் குளியலகமோ வெளிநாட்டவர் என்பதற்காக உள்ளே விட மறுத்தால் அது வேறு. தனியார் பாகுபாட்டை முழுதாகத் தடைசெய்யும் பொதுச் சட்டம் ஜப்பானில் இல்லை, ஆனால் நீதிமன்றங்கள் இழப்பீடு கொடுத்திருக்கின்றன. ஹமமாத்சுவில் நகைக்கடையிலிருந்து வெளியேற்றப்பட்ட பிரேசில் பெண் 1999-இல் வென்றார். ஒதாருவில் வெந்நீர்க் குளியலகம் ஒன்று உள்ளே விடாத 3 பேருக்குத் தலைக்கு 10 லட்சம் யென் கொடுக்க 2002-இல் சப்போரோ நீதிமன்றம் உத்தரவிட்டது. அவர்களில் ஒருவர் ஜப்பானியக் குடியுரிமையே பெற்றவர். நடந்ததைத் தேதியோடு எழுதிவைத்து, சட்ட விவகார அலுவலகத்தின் மனித உரிமை ஆலோசனைப் பிரிவில் சொல்லுங்கள்.

ரெண்டாவது வருஷம் கைக்கு வர்ற சம்பளம் குறைஞ்சுடுச்சு. ஏமாத்தறாங்களா?

இல்லை, அது ஜூமின்ஸெய் என்ற குடியிருப்பு வரி. போன வருஷ வருமானத்தில் ஏறத்தாழ 10 சதவீதம், அடுத்த ஜூனிலிருந்து பிடிப்பார்கள். அதனால்தான் வந்த வருஷம் தெரியாது. சிக்கல் கிளம்பும்போது வரும்: ஜனவரி 1 அன்று இங்கே முகவரி இருந்தால், மார்ச்சில் ஊர் திரும்பினாலும் அந்த ஜூனில் வரும் வரி உங்களுடையதே. கட்டிவிட்டோ, கட்டுவதற்கு ஒருவரை வார்டில் நியமித்துவிட்டோ போங்கள்.

இங்கயே இருந்துடலாம்னு தோணுது. நிரந்தரக் குடியிருப்புக்கு என்ன செய்யணும்? திரும்பிப் போனா கட்டின பென்ஷன் என்னாகும்?

பொதுவான விதி 10 வருஷம் தங்கியிருக்க வேண்டும், அதில் 5 வருஷம் வேலை விசாவில். படிப்பு, அனுபவம், சம்பளம், வயதுக்குப் புள்ளி தரும் உயர்திறன் கணக்கில் 70 இருந்தால் 3 வருஷம், 80 இருந்தால் 1 வருஷம். வரி, பென்ஷன், காப்பீடு மூன்றையும் குறித்த தேதியில் கட்டினீர்களா என்று ரசீது ரசீதாகப் பார்ப்பார்கள், ஒரு மாதத் தாமதம்கூடத் தடையாகலாம். வேண்டுமென்றே வரி கட்டாதவர்களின் நிரந்தர உரிமையை ரத்து செய்ய வழிவகுக்கும் சட்டத் திருத்தம் 2024-இல் நிறைவேறியது. வேலை மாறும் இடைவெளி மாதத்தில் நீங்களே வார்டு அலுவலகத்துக்குப் போய்த் தேசியக் காப்பீட்டிலும் பென்ஷனிலும் சேர வேண்டும். பல விண்ணப்பங்கள் சறுக்கும் இடம் அந்த ஒரு மாதம்தான்.

திரும்பிப் போகிறவர்கள் முகவரியை ரத்து செய்து கிளம்பிய 2 வருஷத்துக்குள் பென்ஷனை மொத்தத் தொகையாகக் கேட்கலாம், கணக்கில் எடுப்பது அதிகபட்சம் 5 வருஷம். அதில் 20.42 சதவீதம் வரியாகப் பிடிப்பார்கள். இங்கே வரிப் பிரதிநிதி ஒருவரை நியமித்திருந்தால் அதைத் திரும்பக் கேட்கலாம். ஆனால் 2016 அக்டோபரிலிருந்து இந்தியா, ஜப்பான் இரண்டிலும் கட்டிய காலத்தைக் கூட்டிக்கொள்ளும் ஒப்பந்தம் அமலில் இருக்கிறது. மொத்தத் தொகை வாங்கிவிட்டால் இங்கே கட்டிய காலம் கணக்கிலிருந்து அழிந்துவிடும். நீங்களோ மனைவியோ மறுபடி ஜப்பானுக்கு வர வாய்ப்பிருந்தால், அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன் பென்ஷன் அலுவலகத்தில் இரண்டு கணக்கையும் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.